டூம்ஸ்டோன் 1881: சேணத்தை விட்டு வெளிய வராத ரெண்டு ரைஃபிள் பத்தி ஒரு நிகழ்வு ஆய்வு

எதுக்கு இந்த கேஸ்

அரிசோனாவுல டூம்ஸ்டோன்னு ஒரு வெள்ளிச் சுரங்க ஊர். 1881 அக்டோபர் 26, புதன்கிழமை, மத்தியானம் சுமார் 3 மணிக்கு அங்க ஒரு காலி மனைல நடந்த துப்பாக்கிச் சண்டை உலகம் பூரா தெரிஞ்ச சண்டை. சுமார் 30 செகண்ட், சுமார் 30 குண்டு, 3 பேர் செத்தாங்க, 3 பேருக்கு காயம். யார் பக்கம் நியாயம்னு 140 வருஷத்துக்கு மேல பேசிட்டே இருக்காங்க, நான் அதுக்குள்ள போகல. எனக்கு இதுல முக்கியமா படுறது வேற: அன்னைக்கு ஒவ்வொரு துப்பாக்கியும் எங்க இருந்துச்சு? இடுப்பு பெல்ட்லயா, கோட் பாக்கெட்லயா, சலூன் கவுன்டருக்குப் பின்னாடியா, குதிரை சேணத்துலயா? இத மட்டும் வரிசையா பாத்துட்டு வந்தாலே யார் செத்தாங்க யார் பொழச்சாங்கங்கறதுல பாதி புரிஞ்சிடும்.

எல்லாரையும் பேர் சொல்லாம அவங்க வேலைய வச்சுதான் கூப்பிடப் போறேன். பேர் வந்தாலே கட்சி வந்துடுது. ஒரு பக்கம் டவுன் மார்ஷல் (ஊர் போலீஸ் தலைவர்), அவரோட தம்பி ரெண்டு பேர் (மூத்தவர், இளையவர்), அவங்க நண்பரான பல் டாக்டர். இன்னொரு பக்கம் பண்ணை வச்சிருந்த அண்ணன் தம்பி ரெண்டு பேர், கூடவே ஒரு மாட்டுக்காரர், அந்த மாட்டுக்காரரோட 19 வயசு தம்பி, அவன நான் பையன்னே சொல்றேன். நடுவுல கவுண்டி ஷெரிஃப் (மாவட்ட போலீஸ் தலைவர் மாதிரி).

பின்னணி: ஊர் சட்டம்

மேற்கத்திய ஊர்ல எல்லாரும் எப்பவும் இடுப்புல துப்பாக்கியோடதான் சுத்துனாங்கன்னு நம்ம மனசுல ஒரு படம் இருக்கு, அது சினிமா குடுத்த படம். நிஜத்துல டாட்ஜ் சிட்டி, விச்சிட்டா மாதிரி மாட்டுச் சந்தை ஊர்கள்ல ஊருக்குள்ள துப்பாக்கி வச்சிருக்கவே தடை. டூம்ஸ்டோன்லயும் 1881 ஏப்ரல்ல 9-ம் நம்பர் சட்டம்னு ஒண்ணு போட்டாங்க. கையிலயோ உடம்புலயோ வேற எப்படியோ ஆபத்தான ஆயுதம் எதையும் எழுத்து மூலம் பெர்மிட் இல்லாம ஊர் எல்லைக்குள்ள வச்சிருக்கக் கூடாது. விதிவிலக்கு ஒண்ணே ஒண்ணு: இப்பதான் ஊருக்குள்ள வர்றவங்க, இல்ல கிளம்பிப் போறவங்க, நல்லெண்ணத்தோட, நியாயமான நேரத்துக்குள்ள ஆயுதத்த ஒப்படைக்கவோ திரும்ப எடுக்கவோ போயிட்டு இருந்தா பரவால்ல. வழக்கத்துல லாயம், ஹோட்டல், சலூன் மாதிரி இடத்துலதான் குடுத்து வைப்பாங்க.

இதுல ரெண்டு வார்த்தைய கவனிக்கணும். 'வேற எப்படியோ'ங்கறதுல சேணத்துல மாட்டியிருக்கற ரைஃபிளும் அடங்கும்னு படிக்கலாம். 'நியாயமான நேரம்'ங்கறது எத்தனை நிமிஷம்னு எங்கயும் சொல்லல. அன்னைக்கு நடந்த மொத்த தகராறும் இந்த ரெண்டு ஓட்டை வழியாத்தான் உள்ள வந்துச்சு.

பின்னணி: தோல், சேணம், துப்பாக்கி

அந்தக் காலத்து பெல்ட் ஹோல்ஸ்டர் இப்ப படத்துல பாக்கற மாதிரி தொடைல தாழ தொங்கி, கீழ ஒரு வார் வச்சு கால்ல கட்டுன ஹோல்ஸ்டர் கிடையாது. அது 20-ம் நூற்றாண்டுல வந்த டிசைன். 1870-கள், 80-கள்ல இருந்தது ஆழமான உறை, மரப்பட்டைல பதப்படுத்துன கெட்டித் தோல், ஒரே துண்ட மடிச்சு பின்பக்கத் தோல்ல கீறல் போட்டு அதுக்குள்ளயே உறைய நுழைச்சு நிறுத்திடுவாங்க. ரிவால்வரோட கைப்பிடியும் கொஞ்சம் உடம்பும்தான் வெளிய தெரியும், மத்ததெல்லாம் தோலுக்குள்ள. இடுப்புல ஒசரமா கட்டுவாங்க. ஏன்னா குதிரைல உக்காந்தா தொடை மடங்கும், தாழ தொங்குற உறை சேணத்துல முட்டி துப்பாக்கிய மேல தள்ளிவிட்டுடும். இருபது மைல் குதிரை ஓட்டுன பிறகும் துப்பாக்கி உறைக்குள்ளயே இருக்கணும், அதுதான் அந்தத் தோல் வேலைக்காரங்களோட முதல் கணக்கு, வேகமா உருவுறது அதுக்கு அப்புறம்தான்.

உறை சரியில்லன்னா என்ன ஆகும்ங்கறதுக்கு இந்தக் கதைல வர்ற மூத்த தம்பியோட பழைய சம்பவமே போதும். 1876 ஜனவரில அவர் விச்சிட்டாவுல போலீஸ்காரரா இருந்தப்ப ஒரு சலூன் பின்ரூம்ல நாற்காலில உக்காந்திருக்காரு, ரிவால்வர் உறைலேர்ந்து நழுவி விழுது, விழும்போது அதோட சுத்தி (தோட்டாவ அடிச்சு வெடிக்க வைக்கற பாகம்) நாற்காலில இடிச்சு குண்டு வெடிச்சு, அவர் கோட்ட துளைச்சு, சுவத்துல பட்டு, கூரை வழியா வெளிய போயிருக்கு. அந்த ஊர் பத்திரிகைலயே செய்தியா வந்துச்சு. அந்தக் காலத்து சிங்கிள் ஆக்‌ஷன் ரிவால்வர்ல ஆறு குழி இருந்தாலும் அஞ்சுல மட்டும் குண்டு போட்டு, சுத்திக்கு நேரா இருக்கற குழிய மட்டும் காலியா விடுறது ஏன்னு இதுக்கு மேல விளக்க வேண்டியதில்ல.

ரைஃபிள் கதை வேற. வின்செஸ்டர் 1873 கார்பைன்ல (குட்டைக் குழல் ரைஃபிள்) 12 குண்டு, நீளக் குழல் ரைஃபிள்ல 15 குண்டு. கோல்ட் (Colt) கம்பெனி ரிவால்வர்ல குண்டு தீர்ந்தா காலி தோட்டாவ ஒவ்வொண்ணா கம்பிய தள்ளி வெளிய எடுத்து, ஒவ்வொண்ணா புதுசு போடணும், சண்டை நடுவுல அது நடக்காத காரியம். அதனால சீரியஸா ஒண்ணு வந்தா குதிரைக்காரன் கை தேடுறது ரைஃபிளத்தான். அது இருக்கறதோ சேணத்துல, ரெண்டு வார்ல தொங்குற நீளமான தோல் உறைல. வழக்கமா அங்கவடி வாருக்கு அடில போகும், சவாரி பண்றவன் காலே அத அமுக்கிப் பிடிச்சுக்கும். குதிரை குதிச்சாலும் ரைஃபிள் கீழ விழக்கூடாதுன்னு உறை நல்லா இறுக்கமா இருக்கும். மேல உக்காந்திருந்தா கைக்கு எட்டும். கீழ நின்னுட்டு எடுக்கணும்னா ஒரு கைல கடிவாளம், ஒரு கைல ரைஃபிள் கட்டை, உறை எந்தப் பக்கம் சாஞ்சிருக்கோ அதே பக்கமா நேரா நீளமா இழுக்கணும், அதுவரைக்கும் குதிரை அசையாம நிக்கணும். குதிரை ஒரு சுத்து சுத்துச்சுன்னா உறையும் கூடவே சுத்திடும்.

25 ராத்திரிலேர்ந்து 26 மத்தியானம் வரைக்கும்

25-ம் தேதி மாட்டுக்காரரும் பண்ணைத் தம்பியும் சாமான் வாங்க வண்டி கட்டிட்டு ஊருக்குள்ள வந்தாங்க. ராத்திரி பல் டாக்டருக்கும் மாட்டுக்காரருக்கும் சாப்பாட்டுக் கடைல வாய்த்தகராறு. அதுக்கப்புறம் விடிய விடிய ஒரு சீட்டாட்டம், அதுல மார்ஷல், ஷெரிஃப், மாட்டுக்காரர், பண்ணைத் தம்பி எல்லாரும் ஒரே மேஜைல. மறுநாள் சாகப் போறவங்களும் சுடப் போறவங்களும் காலைல வரைக்கும் ஒண்ணா உக்காந்து சீட்டாடியிருக்காங்கங்கறது இப்ப படிச்சாலும் மனசுக்கு கஷ்டமாத்தான் இருக்கு.

காலைல மாட்டுக்காரர் தூங்காம, குடிச்சுட்டு, வின்செஸ்டரும் ரிவால்வருமா தெருவுல மெரட்டிட்டு சுத்துனாரு. மார்ஷல் பின்னாடி வந்து ரைஃபிளப் பிடிச்சு, ரிவால்வரால தலைல ஒரு அடி போட்டு, கோர்ட்டுக்கு இழுத்துட்டுப் போனாரு. 25 டாலர் அபராதம், அதோட செலவு. ஆயுதத்த ஒரு ஹோட்டல்ல குடுத்து வச்சாங்க. கோர்ட்டுக்கு வெளியவே மூத்த தம்பியும் பண்ணைத் தம்பியும் நேருக்கு நேர் வந்து, மூத்த தம்பி இவரயும் ரிவால்வரால தலைல அடிச்சு கீழ தள்ளிட்டாரு. அதுக்கப்புறம் பண்ணைத் தம்பி தன்னோட ரிவால்வர ஒரு சலூன்ல ஒப்படைச்சாரு, சலூன்காரரே பின்னாடி சாட்சி சொன்னாரு.

மத்தியானத்துக்கு மேல பண்ணை அண்ணனும் 19 வயசுப் பையனும் குதிரைல ஊருக்குள்ள வந்தாங்க, நடந்தது எதுவும் தெரியாம. இடுப்புல பெல்ட்டோட ரிவால்வர், சேணத்துல வின்செஸ்டர். வந்த உடனே அவங்களுக்கு கிடைச்ச சேதி ரெண்டு பேரோட சகோதரனும் அடி வாங்கிட்டான்ங்கறது. அதோட ஆயுதத்த ஒப்படைக்கற எண்ணமே போயிடுச்சு. யாரா இருந்தாலும் அந்த நேரத்துல போயிருக்கும்னு எனக்குத் தோணுது, ஆனா சட்டம் அப்படி பாக்காது.

கவனிச்சது

இங்க குதிரையே ஒரு சாட்சி. நாலு பேரும் ஒரு துப்பாக்கிக் கடைக்குப் போனாங்க. பண்ணை அண்ணனோட குதிரை நடைபாதை மேல ஏறி கடை வாசல்ல தலைய விட்டுட்டு நின்னுச்சு, அதுவும் ஊர் சட்டப்படி தப்பு. மூத்த தம்பி போயி குதிரையோட கடிவாளக் கம்பியப் பிடிச்சு கீழ எறக்குனாரு, உள்ளேர்ந்து அண்ணன் ஓடி வந்து தானும் குதிரையப் பிடிச்சாரு. அந்த சேணத்துல ரைஃபிள் மாட்டியிருந்தது அங்க நின்ன எல்லாரோட கண்ணுக்கும் முன்னாடி. கடைக்குள்ள மாட்டுக்காரர் ஒரு ரிவால்வர் கேட்டாரு, கட்டுப் போட்ட தலையப் பாத்துட்டு கடைக்காரர் குடுக்க மாட்டேன்னுட்டாரு. அன்னைக்கு ஊர்ல எடுத்த முடிவுகள்லயே உருப்படியான முடிவு அந்தக் கடைக்காரரோடதுதான்.

அப்புறம் ஒரு பேன்ட் பாக்கெட். பண்ணைத் தம்பி கறிக்கடைக்குள்ள போறப்ப சப்பையா இருந்த பாக்கெட், வெளிய வர்றப்ப உப்பியிருந்துச்சுன்னு ஒரு ஹோட்டல்காரர் பின்னாடி சாட்சி சொன்னாரு. துப்பாக்கிதான் வாங்கி வச்சுக்கிட்டாருன்னு ஒரு கட்சி. செத்த பிறகு அவர் உடம்புல துப்பாக்கி இல்ல, பணமும் பேப்பருமா சுமார் 2,900 டாலர் இருந்துச்சு. மூடி மறைச்சு வைக்கறதுல இருக்கற ஆபத்து இதுதான், இருக்கறவனும் இல்லாதவனும் வெளிய இருந்து பாக்க ஒரே மாதிரி.

எடுத்த முடிவுகள்

மார்ஷல் முதல்ல சொன்னது, லாயத்துக்குள்ளயே இருந்தா நான் தொட மாட்டேன், தெருவுக்கு வந்தா ஆயுதத்த வாங்குவேன். இது சட்டத்தோட உணர்வுக்கு பொருந்துது, கிளம்பற ஆளுங்களுக்கு ஒரு வழி விட்ட மாதிரி. அவங்க லாயத்த தாண்டி ஃப்ரீமான்ட் தெரு பக்கம் ஒரு காலி மனைக்கு வந்துட்டாங்க, குதிரையோட. ஊர விட்டுப் போகத்தான் நின்னாங்களா, பல் டாக்டர் தங்கியிருந்த வீட்டுக்குப் பக்கத்துல வேணும்னே நின்னாங்களான்னு ரெண்டு கட்சியும் ரெண்டு விதமா சொல்லும்.

மார்ஷல் ஒரு குட்டைக் குழல் ஷாட்கன் எடுத்து, ஜனங்க பயப்படக் கூடாதுன்னு பல் டாக்டர்கிட்ட குடுத்து நீள கோட்டுக்குள்ள மறைக்கச் சொன்னாரு, பதிலுக்கு டாக்டரோட கைத்தடிய தான் வாங்கிக்கிட்டாரு. ஷெரிஃப் அதுக்கு முன்னாடியே அந்த மனைக்குப் போயிருந்தாரு. மாட்டுக்காரரோட இடுப்ப தடவிப் பாத்தாரு, ஒண்ணும் இல்ல. பண்ணைத் தம்பி கோட்டத் திறந்து காட்டுனாரு. பண்ணை அண்ணன் மட்டும் மார்ஷல் கூட்டத்துகிட்டேர்ந்தும் துப்பாக்கிய வாங்குனாத்தான் நானும் குடுப்பேன்னு மறுத்துட்டாரு. அப்புறம் ஷெரிஃப் தெருவுல எதிர வந்த மார்ஷல் கூட்டத்துகிட்ட பேசுனாரு. 'ஆயுதத்த வாங்கிட்டேன்'னு சொன்னாருன்னு மார்ஷல் தரப்பு, 'வாங்கத்தான் போனேன்'னு சொன்னேன்னு ஷெரிஃப். அந்த ஒரு வாக்கியத்தோட பலன் கண்ணால பாக்கற மாதிரி இருக்கு: மார்ஷல் தன்னோட ரிவால்வர இடது பக்கமா தள்ளிவிட்டு கைத்தடிய வலது கைக்கு மாத்துனாரு, மூத்த தம்பி ரிவால்வர ஓவர்கோட் பாக்கெட்டுக்குள்ள போட்டாரு. ஷெரிஃப் வார்த்தைய நம்பி ரெண்டு பேரும் ஆயுதத்த கைக்கு எட்டாத இடத்துக்கு கொண்டு போயிருக்காங்க. சண்டை போடணும்னே வந்தவன் அப்படி பண்ண மாட்டான்னு நான் நினைக்கறேன், பல் டாக்டர் விஷயத்துல மட்டும் எனக்கு அந்த நம்பிக்கை இல்ல.

மனையோட அகலம் 15லேர்ந்து 20 அடிக்குள்ள. அதுக்குள்ள அத்தன பேரும், ரெண்டு குதிரையும்.

அந்த 30 செகண்ட்

மார்ஷல் கைய தூக்கச் சொன்னாரு, துப்பாக்கிய குடுங்கன்னாரு. யார் முதல்ல சுட்டாங்கங்கறதுல சாட்சிகள் ஒத்துப் போகல. முதல் குண்டுங்க கிட்டத்தட்ட ஒரே நேரத்துல. கரிமருந்து புகை அந்த சின்ன இடத்த உடனே மூடிடும், குதிரைங்க மிரளாம என்ன பண்ணும்.

பண்ணை அண்ணனுக்கு ஆரம்பத்துலயே வயித்துல குண்டு. ஒரு கைல ரிவால்வர், ஒரு கைல கடிவாளம், குதிரைய இழுத்துட்டே தெருவுக்கு வந்தாரு, வின்செஸ்டர எடுக்கப் பாத்தாரு. மூணு வேலை, ரெண்டு கை, வயித்துல காயம். குதிரை திமிறிட்டு ஓடிடுச்சு, ரைஃபிளும் அதோட போயிடுச்சு. அப்பவும் அவர் நிக்கல, ரிவால்வர்ல சுட்டுட்டே தெருவ தாண்டுனாரு, பல் டாக்டரோட இடுப்பு பக்கம் ஒரு குண்டு உரசுச்சு, கடைசில தலைல அடிபட்டு விழுந்தாரு.

பண்ணைத் தம்பி ஒரு குதிரைக்குப் பின்னாடி நின்னாரு. ஒரு தரப்பு அவர் குதிரை முதுகுக்கு மேலேர்ந்து சுட்டாருன்னு சொல்லுது, இன்னொரு தரப்பு ஆயுதமே இல்லன்னு. குதிரை விலகுச்சு, அவர் திறந்து நின்னாரு, ஷாட்கன் குண்டு வலது கக்கத்துக்குக் கீழ. அவர் நின்ன நிலைய யோசிச்சுப் பாத்தா கை சேணத்து ரைஃபிளத் தேடித்தான் நீண்டிருக்கும்னு எனக்குப் படுது, ஆனா குதிரைய மறைப்பா பிடிச்சுட்டு நின்னாலும் அதே மாதிரித்தான் தெரியும், எதிர்ல இருக்கறவனுக்கு வித்தியாசம் பாக்க நேரம் இல்ல.

பையன் வலது மணிக்கட்டுல அடிபட்டு, இடது கைக்கு ரிவால்வர மாத்தி, கீழ உக்காந்துட்டே சுட்டான். கடைசில பக்கத்து ஸ்டூடியோ போட்டோகிராஃபர் வந்து அவன் கைலேர்ந்து ரிவால்வர எடுத்தாரு. மாட்டுக்காரர் வெறுங்கையோட ஓடிப் பொழச்சாரு. மார்ஷலுக்கு கெண்டைக்கால்ல, இளைய தம்பிக்கு தோள்ல காயம். கோட் பாக்கெட்ல துப்பாக்கி வச்சிருந்த மூத்த தம்பிக்கு ஒரு கீறலும் இல்ல.

விளைவு

சுமார் ஒரு மாசம் விசாரணை. நவம்பர் 30 ஜட்ஜ் தீர்ப்பு சொன்னாரு: வழக்கு நடத்த போதுமான ஆதாரம் இல்ல, கடமைய செஞ்சாங்க. ஆனா ஏற்கனவே தகராறுல இருந்த மூத்த தம்பியையும் பல் டாக்டரையும் மார்ஷல் உதவிக்குக் கூப்பிட்டது யோசனையில்லாத, கண்டிக்க வேண்டிய செயல்னும் சொன்னாரு. பண்ணைத் தம்பிகிட்ட ஆயுதம் இல்லன்னே வச்சாலும், ஆயுதத்தோட எதிர்த்த கூட்டத்துல ஒருத்தரா நின்னதால அது மட்டுமே சுட்டவங்களக் குற்றவாளி ஆக்காதுன்னாரு. சட்டப்படி அது சரியா இருக்கலாம், ஆயுதத்த ஒப்படைச்ச மனுஷனுக்கு அந்த ஒப்படைப்பு எந்தப் பாதுகாப்பும் குடுக்கலங்கறது எனக்கு இன்னும் உறுத்துது.

பழி அதோட தீரல. டிசம்பர் 28 ராத்திரி மார்ஷல மறைஞ்சிருந்து சுட்டாங்க, இடது கை செயல் இழந்துடுச்சு. 1882 மார்ச் 18 இளைய தம்பிய பில்லியர்ட்ஸ் ஆடிட்டு இருக்கறப்ப முதுகுல சுட்டுக் கொன்னாங்க.

என்ன மாத்தியிருக்கலாம்

ஒப்படைக்கற இடத்த ஊர் நடுவுல வச்சதுதான் முதல் கோளாறு. குதிரைக்காரன் ஊருக்குள்ள வந்து, ஹோட்டல் போயி, சேதி கேட்டு, கோவம் வந்த பிறகுதான் துப்பாக்கிய குடுக்கணுமா வேண்டாமான்னு முடிவு பண்றான். எல்லைல இருக்கற முதல் லாயத்துலயே, குதிரைய விட்டு எறங்குற எடத்துலயே, சேணத்த கழட்டறப்பவே ரைஃபிளும் பெல்ட்டும் சேந்து கழண்டிருக்கணும். குதிரைக்கு தண்ணி காட்டி, சேணம் கழட்டி நிறுத்துறது எப்படியும் செய்யற வேலை, அதோட இதயும் சேத்துட்டா யாரும் யார்கிட்டயும் தலை குனிஞ்சு குடுத்த மாதிரி இருக்காது. 'நியாயமான நேரம்'னு காத்துல விட்டதுக்குப் பதிலா குதிரை எறங்குற எடம்னு எழுதியிருந்தா பண்ணை அண்ணன் அந்த துப்பாக்கிக் கடை வாசலுக்கு ரைஃபிள் மாட்டுன குதிரையோட வந்திருக்கவே முடியாது.

ரெண்டாவது, மனைல ஆயுதமில்லாம நின்ன ரெண்டு பேர். ஒருத்தர் குதிரைய விட்டு விலகி ஓடுனாரு, பொழச்சாரு. இன்னொருத்தர் ரைஃபிள் மாட்டுன குதிரை பக்கத்துல நின்னாரு, செத்தாரு. ஷெரிஃப் உடம்பத் தடவிப் பாத்தாரு, சேணத்தப் பாக்கல. அந்த ரெண்டு குதிரையவும் ஷெரிஃபே கடிவாளத்தப் பிடிச்சு லாயத்துக்கு நடத்திட்டுப் போயிருந்தா பண்ணைத் தம்பி மேல சந்தேகப்பட எதுவும் மிஞ்சியிருக்காது, மத்தவங்களும் குதிரை பின்னாடி போயிருக்க வாய்ப்பு அதிகம், ஏன்னா அந்த ஊர்ல குதிரைய விட்டுட்டு யாரும் நிக்க மாட்டாங்க.

மார்ஷல் பக்கத்துல மாத்த வேண்டியது ஷாட்கன். ஜனங்க பயப்படக் கூடாதுன்னு மறைச்சாங்க, ஆனா பயப்பட வேண்டியவங்க பயப்படணும்னா அது வெளிய தெரியணும். ரெண்டு குழல் நேரா பாத்துட்டு இருக்கறப்ப ரிவால்வர் பக்கம் கை போறதுக்கு ஒரு நிமிஷம் யோசிப்பான். அதுவும் பல் டாக்டர் கைல குடுத்திருக்கக் கூடாது, துணைக்கு வர்றோம்னு ஊர்க்காரங்க கேட்டப்ப மார்ஷல் வேண்டாம்னுட்டாரு, அவங்கள்ல தகராறுல சேராத ஒருத்தர் கைல இருந்திருக்கணும்.

ஷெரிஃப் சொன்ன வாக்கியம் கடைசி. 'ரெண்டு பேர்கிட்ட இல்ல, ரெண்டு பேர்கிட்ட இருக்கு, ரெண்டு ரைஃபிள் சேணத்துல இருக்கு'ன்னு எண்ணிக்கைய சொல்லியிருந்தா மார்ஷல் கைத்தடிய வலது கைக்கு மாத்தியிருக்க மாட்டாரு, அங்கயே தெருவுல நின்னு குதிரைங்கள முதல்ல கேட்டிருக்கலாம்.